ஊசி குத்தின ரிப்போட்டில 3 எண்டு வந்தா உடனே வெட்டோணுமோ?

கொக்குவில் பெடியன்: அம்மாக்கு 54 வயசு, கழுத்தில வலப்பக்கம் தைரொயிட் கட்டி, ஊசி குத்தி எடுத்துப் பாத்ததில பெதெஸ்டா 3 எண்டு வந்திருக்கு, கான்சர் எண்டும் சொல்லேல்லை இல்லையெண்டும் சொல்லேல்லை. அம்மா ரெண்டு நாளா வடிவா சாப்பிடுறாவில்லை, மாமி வேற வந்து வந்து அழுகிறா. என்ன செய்யிறது?

நல்லூர் அக்கா: வெட்டி எடுங்கோ தம்பி. சந்தேகத்தைக் கழுத்தில வச்சுக்கொண்டு ஆர் நித்திரை கொள்ளுறது. என்ர சித்தியும் பாதி தைரொயிட் எடுத்தவா, இப்ப நல்லா இருக்கிறா.

லாப்காரன்: அவசரப்படாதேங்கோ. முதல்ல, 3 எண்டது ஸ்டேஜ் 3 இல்லை!! பாதிச் சனம் உதிலதான் பயந்து சாகுது. பெதெஸ்டா எண்டது ஊசி ரிப்போட்டுக்கு 1 இலயிருந்து 6 வரைக்கும் இருக்கிற வரிசை, 2 சாதாரண கட்டி, 6 கான்சர், 3 எண்டா கலத்தைப் பாத்தவருக்கு முடிவு சொல்லேலாமப் போச்சு, அவ்வளவுதான். அந்த வரிசையின்ர 2023 பதிப்பில 3 வந்தா கான்சரா இருக்கிற சாத்தியம் சராசரி 22 வீதம் எண்டு கிடக்கு, அதுவும் ஒப்பரேஷன் செய்து பாத்த ஆக்களின்ர கணக்கு, செய்யாத ஆக்களையும் சேத்தா இன்னும் குறையும்.

நல்லூர் அக்கா: 22 குறைவே? நூறு மாம்பழத்தில 22 அழுகல் எண்டா திருநெல்வேலிச் சந்தையில வாங்குவீங்களோ?

லாப்காரன்: மாம்பழம் போனா வேற வாங்கலாம் அக்கா. பாதி எடுத்தாலும் கொஞ்சப்பேருக்கு ஆயுளுக்கும் தைரொக்சின் குளிசை, குரல் நரம்பும் பக்கத்திலதான் ஓடுது. திருப்பிக் குத்தினா கனபேருக்கு 2 எண்டு வந்திடும்.

நல்லூர் அக்கா: சித்திக்கு ரெண்டுதரம் குத்தியும் ஒண்டும் பிடிபடேல்லை, வெட்டினாப் பிறகுதான் பொலிகுலர் எண்ட வகைத் தைரொயிட் கான்சர் எண்டு தெரிஞ்சது. உதுக்கு என்ன சொல்லுறீங்கள்?

லாப்காரன்: அது உண்மை, பொலிகுலரை ஊசியால பிடிக்கேலாது. கட்டியின்ர உறையை உடைச்சு வெளிய போயிருக்கோ, ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்கோ எண்டு முழுக்கட்டியையும் வச்சுத்தான் பாக்கோணும், ஊசியில வாறது கொஞ்சக் கலம் மட்டும்தானே. தம்பி, ஸ்கான் ரிப்போட்டில ஓரம் ஒழுங்கில்லை, சின்னச் சின்ன சுண்ணாம்புப் புள்ளி, அகலத்தை விட உயரம் கூட எண்டு ஏதும் எழுதிக் கிடக்கோ? கிடந்தா நானும் அக்கா பக்கம்தான்.

கொக்குவில் பெடியன்: ஸ்கான் ரிப்போட்டை மாமி கொழும்பில ஆருக்கோ காட்ட எண்டு கொண்டு போட்டா 🤦 வாங்கிப் போடுறன். ஸ்டேஜ் இல்லையாம் எண்டு சொல்ல அம்மா ரெண்டு இடியப்பம் சாப்பிட்டவா.

நல்லூர் அக்கா: சரி திருப்பிக் குத்துங்கோ, ஆனா ஸ்கானில பாத்துப் பாத்து குத்தச் சொல்லுங்கோ, சித்திக்கு கையால தடவிப்போட்டுத்தான் குத்தினவை. திரும்பவும் 3 வந்தா நான் சொன்னதைச் செய்யிறது.