ஆப்ஜெக்ட்டை அனுப்புவதா, தகவலை மட்டும் அனுப்புவதா?

எடைமேடைக்காரன் (போச்சம்பள்ளி):
எங்கள் மாங்கூழ் ஆலையின் எடைமேடைக் கணினி, ஒவ்வொரு லோடையும் ஒரு ஜாவா ஆப்ஜெக்ட்டாக்கி (தகவலையும் அதைக் கையாளும் நிரலையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்), ஆர்எம்ஐ (வேறு கணினியிலுள்ள ஆப்ஜெக்ட்டை அழைக்கும் ஜாவா வசதி) வழியாக ஓசூர் சர்வருக்கு அனுப்புகிறது. சென்ற பருவத்தில் சர்வரிலுள்ள கிளாஸில் (ஆப்ஜெக்ட்டுக்கான வார்ப்பில்) மட்டும், பிரிக்ஸ் என்னும் இனிப்பு அளவுக்கென ஒரு ஃபீல்டை, அதாவது தகவல் கட்டத்தை, சேர்த்தோம். மறுநாள் முதல் லோடிலேயே ‘இன்வேலிட் கிளாஸ் எக்ஸெப்ஷன்’ என்ற பிழை வந்தது; தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் சாலை வரை நிற்க, ரசீதுகளைக் கையால் எழுதிக் கொடுத்தோம். எடையையும் வண்டி எண்ணையும் வெறும் டெக்ஸ்டாக அனுப்பியிருந்தால் இந்தத் தலைவலி ஏது?

ஓசூர் நிரலர்:
பழியை ஆப்ஜெக்ட்டின் மேல் போடாதீர்கள். கிளாஸின் பதிப்பைக் காட்டும் எண்ணான ‘சீரியல் வெர்ஷன் யூஐடி’யை நாம் எழுதாவிட்டால், கிளாஸின் அமைப்பைக் கொண்டு ஜாவாவே ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது, ஃபீல்ட் கூடினால் அந்த எண்ணும் மாறிவிடும். நிலையான எண்ணை எழுதியிருந்தால், பழைய லோடையும் சர்வர் ஏற்று, பிரிக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்ஜியத்தை வைத்திருக்கும். தவிர, நீங்கள் செய்தது இடமாற்றமே அல்ல, நகலெடுப்பு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான எமரால்டு என்ற நிரல்மொழியில், ஆப்ஜெக்ட் தனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வேலையோடு சேர்ந்தே அடுத்த கணினிக்குப் போய்விடும். வீடு மாறியவர் பழைய கதவில் புது விலாசத்தை ஒட்டிவிட்டுப் போவதுபோல, பழைய இடத்தில் முகவரிக் குறிப்பு மட்டும் இருக்கும். ஒரே ஆப்ஜெக்ட்டிடம் நூறு முறை கேட்க வேண்டியிருந்தால், நூறு முறை வலையைக் கடப்பதைவிட அதையே ஒருமுறை நம் கணினிக்கு வரவழைத்துக்கொள்வது மேல்.

தேன்கனிக்கோட்டை வாசகர்:
ஒரு சிறு சந்தேகம். லோடு ஆப்ஜெக்ட் விவசாயியின் கணக்கையும் சுட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கணக்கு முழுவதும் அல்லவா கூடவே போகும்? அந்த ஃபீல்டை அனுப்பாதே என்று ஜாவாவுக்குச் சொல்லும் ‘டிரான்சியன்ட்’ போட்டிருந்தீர்களா?

எடைமேடைக்காரன்:
போடவில்லை, யூஐடி எழுதாததும் எங்கள் தவறுதான். ஆனால் எமரால்டு ஓடியது, ஒரே ஈதர்நெட்டில் கோத்த ஒரே வகை மைக்ரோவாக்ஸ் கணினிகளில். இங்கோ மழை தூறினாலே லைன் போய்விடுகிறது. பாதி வழியில் அறுந்தால் ஆப்ஜெக்ட் எந்தப் பக்கம் இருக்கிறது, இரண்டு பக்கமுமா, எங்குமே இல்லையா? ஒரு பகுதி மட்டும் செயலிழக்கும் இந்த நிலையை மறைத்து, தொலைவிலுள்ள ஆப்ஜெக்ட்டை அருகிலுள்ளதைப் போல நடத்தக் கூடாது என்று சன் நிறுவனத்தின் ஜிம் வால்டோவும் உடன் பணியாற்றியவர்களும் 1994-லேயே எழுதிவிட்டார்கள். டெக்ஸ்டாக இருந்தால் ரசீது எண்ணோடு மீண்டும் அனுப்புவேன். அந்த எண் முன்பே வந்திருந்தால் சர்வர் தள்ளிவிடும்.

ஓசூர் நிரலர்:
எடைமேடைக்கும் சர்வருக்கும் நடுவே டெக்ஸ்ட் போதும், ஏற்கிறேன். ஆனால் ஒரே அறையிலுள்ள எங்கள் நான்கு சர்வர்களுக்குள், சுமை கூடிய இடத்திலிருந்து ஆப்ஜெக்ட்டை நகர்த்துவதை நான் விடப்போவதில்லை. அங்கே மழை பெய்வதில்லை.