கொரோனா தடுப்பூசி போட்டால்தான் வேலை என்றார்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஒரகடம், உதிரிபாகத் தொழிற்சாலை:

2021 நவம்பரில் எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினார்கள். சான்றிதழ் காட்டாதவர்களுக்குத் திங்கள் முதல் கேட்டுக்குள் அனுமதியில்லை, வராத நாளுக்குச் சம்பளமில்லை. கீழே கையெழுத்தும் இல்லை, சீலும் இல்லை. எனக்கு முன்பு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன். அலர்ஜி பரிசோதனை முடியும்வரை ஊசி வேண்டாம் என்று டாக்டர் எழுதித் தந்திருந்தார். அதை எச்.ஆர். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது ஒரு யூனியன் அண்ணன் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. "வீட்டில் உட்காராதே. தினமும் ஷிப்டுக்குப் போய் நில்லு. இல்லையென்றால் 'சொல்லாமல் நின்றுவிட்டான்' என்று ஃபைலைத் திருப்பிவிடுவார்கள்." அப்படியே போனேன். கேட் ரிஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே 'வந்தார், அனுமதிக்கவில்லை' என்று செக்யூரிட்டி எழுதுவார், நான் போட்டோ எடுத்துக்கொள்வேன். டாக்டர் சீட்டின் நகலோடு ஒரு கடிதத்தையும் பதிவுத்தபாலில் அனுப்பினேன்: மாஸ்க் போடுகிறேன், டெஸ்ட் எடுக்கிறேன், தனி இடத்தில் நிற்கிறேன், வேலை கொடுங்கள், மறுப்பதென்றால் எழுத்தில் தாருங்கள்.

எழுத்தில் எதுவும் வரவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டதும், டெஸ்ட் ரிப்போர்ட்டோடு உள்ளே விடச் சம்மதித்தார்கள். நின்ற நாட்களுக்குப் பாதிச் சம்பளம்தான் கிடைத்தது. சண்டையை இழுக்க எனக்கு வசதியில்லை, வாங்கிக்கொண்டேன்.

"சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, யாரும் கட்டாயப்படுத்த முடியாது" என்று பலர் சொல்கிறார்கள். தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்துப் போடப்பட்ட ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2-ஆம் தேதி வந்த தீர்ப்பு அவ்வளவு எளிதானதில்லை. விருப்பமில்லாதவருக்கு ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்றது உண்மை. ஆனால் அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமானது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பொதுநலனுக்காக அளவான கட்டுப்பாடு போடலாம், தொற்று குறைவாக இருக்கும்வரை ஊசி போடாதவர்களை ஒதுக்கும் உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது. தனியார் நிறுவனங்களுக்கும் அது ஆலோசனையாகத்தான் சொல்லப்பட்டது. அதை மட்டும் நம்பிக் கேட்டில் சண்டை போடாதீர்கள்.

தென்மாவட்டம், அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியை:

தம்பி, தொழிலாளர் துறை வழி எங்களுக்குக் கிடையாது. ஆசிரியர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. ஊசி போடாத ஒரு டீச்சரை எங்கள் நிர்வாகம் வாய்வார்த்தையாகவே "நாளையிலிருந்து வராதீங்க" என்றது. அப்போது நடைமுறையில் இருந்த 1973-ஆம் வருடத் தனியார் பள்ளிகள் சட்டப்படி ஆசிரியரை நீக்கக் கல்வித்துறையின் முன்அனுமதி வேண்டும் என்று சீனியர் ஒருவர் எழுதிக் கொடுத்ததும் பேச்சு அடங்கியது. முதலில் நாம் எந்தச் சட்டத்துக்குள் வருகிறோம் என்று பாருங்கள்.

மதுரை, தனியார் மருத்துவமனை நர்ஸ்:

நான் ஊசி போட்டுக்கொண்டேன், போட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஐ.சி.யு.வில் படுத்திருப்பவர்களுக்கு நம்மால் தொற்று போகக் கூடாது. கர்ப்பமாக இருந்த ஒரு அக்கா அப்போதைக்குத் தயங்கினார். நிர்வாகம் அவரை ரெக்கார்ட்ஸ் செக்‌ஷனுக்கு மாற்றியது, சம்பளத்தில் கை வைக்கவில்லை. எல்லா இடத்திலும் இப்படிச் செய்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது.

ஒரகடம்:

உண்மைதான் சிஸ்டர். ஆபத்து எங்கே அதிகமோ அங்கே நிபந்தனை கேட்கலாம், மாற்று வழியும் கொடுக்க வேண்டும். அருணாச்சலப் பிரதேசத்தில் ஊசி போட்டவர்களுக்கு மட்டும் வேலைக்கான தற்காலிக அனுமதி என்ற அரசு உத்தரவை 2021 ஜூலையில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. போட்டவர், போடாதவர் என்று பிரிப்பது பாரபட்சம் என்றது. ஆனால் அது அரசு போட்ட உத்தரவு, அதனால் ரிட் (அரசு நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போக முடிந்தது. சாதாரணத் தனியார் கம்பெனிமீது ரிட் பெரும்பாலும் நிற்காது.

ஹோசூரிலிருந்து ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார்: "ராஜினாமா எழுதிக் கொடு, செட்டில்மென்ட் உடனே தருகிறோம் என்கிறார்கள், கொடுக்கலாமா?" கொடுக்காதீர்கள் தம்பி. வேலையை விட்டு நீக்கினால், அன்றிருந்த தொழில் தகராறு சட்டத்தின் 2ஏ பிரிவில் தனி ஆளாகவே சமரச அதிகாரியிடம் போக வழி இருந்தது. 45 நாளில் தீராவிட்டால் நேராக லேபர் கோர்ட்டுக்குப் போக முடிந்தது. ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டால் "அவராகவே போனார்" என்பார்கள். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அவர்கள் வற்புறுத்தியதால்தான் எழுதினேன் என்று அன்றைக்கே மெயில் அனுப்புங்கள், அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.