நாற்பதைத் தாண்டி நாவல் எழுத வந்தவர்களே, படித்தவர்கள் உங்களிடம் வந்து என்ன சொன்னார்கள்?

காரைக்குடி ஆச்சி:

நானே தொடங்குகிறேன். பிள்ளைகள் படிக்க வெளியூர் போன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இணையத்தில் கதை எழுதுகிற, படிக்கிற தளமான பிரதிலிபியில் தொடராகப் போட்ட குடும்ப நாவல். நாயகிக்கு நாற்பத்தெட்டு வயது. கணவருக்குக் கோயம்புத்தூரில் கடை, மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரிய வருகிற சமயத்தில்தான் இவளும் தன் முதல் நாவலை எழுதத் தொடங்குகிறாள். பக்கத்துக்குப் பக்கம் அழுகிற கதை வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். சண்டை, கேலி, சமையல், பேச்சு எல்லாம் கலந்த லேசான நடை.

நாலு அத்தியாயம் போவதற்குள் "இது யார் வீட்டுக் கதை?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து பட்டாலையில் உட்கார்ந்திருந்தபோது தூரத்து உறவில் ஒரு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, மாப்பிள்ளை நல்லாத்தானே இருக்காக?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முகப்பில்தான் நின்றிருந்தார், அவர் காதிலும் விழுந்திருக்கும். வீடு திரும்பும் வழியில், "எழுதறதை மட்டும் நிறுத்திடாதே" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. அவருக்கு என் நன்றியை இங்கே பதிந்து வைக்கிறேன்.

முக்கியமாகச் சொல்ல வந்தது பள்ளத்தூரில் நடந்தது. பேத்தி போனில் வாசிக்க, கதை கேட்கிற ஆச்சி ஒருவர், தொண்ணூறை நெருங்குகிறவர், ஆள் விட்டு என்னை வரச் சொன்னார். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனில் ஒரு கடையில் மேலாளுக்கு அடுத்த நிலை ஊழியராக, அடுத்தாளாக இருந்தவர். அந்தக் காலத்தில் மூன்று வருஷக் கெடு வைத்துப் போவார்கள், வீட்டுப் பெண்களைக் கூட்டிப் போகும் வழக்கம் இல்லை. அப்பச்சிக்கு அங்கே ஒரு பர்மாக்காரப் பெண்ணோடு குடும்பம், பிள்ளைகள். ஆத்தாவுக்கு, அதாவது ஆச்சியின் அம்மாவுக்கு, இது தெரியும். 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது எத்தனையோ பேரைப் போல அப்பச்சியும் மலையும் காடுமாக நடந்தே வந்து சேர்ந்திருக்கிறார். ஆச்சிக்கு அப்போது ஆறு வயசு. முகப்பில் வந்து உட்கார்ந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆத்தா கேட்டாராம்: "அந்தப் பிள்ளைகளை எங்க விட்டுட்டு வந்தீக?"

அப்பச்சி சாகிறவரை அதற்குப் பதில் சொல்லவில்லையாம். ஆச்சி இதைச் சொல்லி முடிக்கிறவரை மடியிலிருந்த வெற்றிலையை நரம்பு நரம்பாகக் கிழித்துக்கொண்டே இருந்தார். வாயில் போடவே இல்லை.

அதுவரை என் கதையில் அந்த இன்னொரு பெண் வெறும் வில்லி. ஆச்சியிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, அந்தக் கேள்வியை என் நாயகியின் வாயில் வைத்தேன். அங்கிருந்து நாவல் வேறு பாதையில் போனது. கணவன் காலில் விழ வேண்டும், அவள் மன்னிக்க வேண்டும் என்று வாசகிகள் கேட்டார்கள். நான் அப்படி முடிக்கவில்லை. நம் பக்கம் கல்யாணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டில் தனி உலை வைத்து 'வேறு வைப்பார்கள்' அல்லவா? கண்ணகியையும் கோவலனையும் அவன் தாய் தனிமனையில் குடிவைத்ததாகச் சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையும் சொல்கிறது. என் நாயகி இந்த வயதில், கணவன் இல்லாமல், "என்னை மட்டும் வேறு வைங்க" என்று பெரியவர்களிடம் கேட்கிறாள். பின்கட்டில் அவளுக்கென ஓர் அடுப்பு, உள்முற்றத்தை ஒட்டிய வளவு அறையில் எழுத ஒரு மேசை. தோற்றுப்போனவள் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தேவகோட்டை, வங்கியில் ஓய்வு பெற்றவர்:

நான் எழுதியது எதிர்ப்பக்கத்துக் கதை. மாற்றலாகிப் போன ஊரில் தடம் மாறுகிற கணவன். பிரிண்ட் எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். யார் அவள் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தாள்: "இந்த இடத்தில் இவள் அழமாட்டாள். கணக்கு நோட்டை எடுப்பாள்." அப்படியே மாற்றினேன். கடைசி ரெண்டு வருஷத்துச் செலவை அவள் வரிவரியாகப் படித்துக் காட்ட, அவன் நின்றுகொண்டே கேட்கிறான். படித்தவர்கள் எல்லாரும் அந்த அத்தியாயத்தைத்தான் பேசுகிறார்கள். எழுதியது என் மனைவி என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

வக்கீலம்மா, சிவகங்கை:

எனக்கு வந்த அனுபவம் வேறு. என்னிடம் வழக்குக்காக வந்த பெண் ஒருவர் போனில் ஒரு தொடர்கதையைக் காட்டி, "இதே மாதிரி அவரை உள்ளே தள்ளணும்" என்றார். கதையில் மனைவி புகார் கொடுத்ததும் போலீஸ் கணவனைப் பிடித்துக்கொண்டு போகிறது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே நீக்கிவிட்டது. அது இருந்த காலத்திலும் மனைவி புகார் கொடுக்க வழியில்லை, அந்த இன்னொரு பெண்ணின் கணவன்தான் கொடுக்கலாம். இன்று அது விவாகரத்துக்குக் காரணம் ஆகும், ஜெயிலுக்கு ஆகாது. முதல் மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அது தனி, இன்றும் குற்றம்தான். இதையெல்லாம் விளக்கியதும் அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எழுதுகிறவர்கள் தயவுசெய்து ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் காரைக்குடி ஆச்சி, உங்கள் நாயகிக்குச் சட்டமும் துணை இருக்கிறது. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. கணவன் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்தினால் விவாகரத்து வாங்காமலே மனைவி தனியாக வாழலாம், ஜீவனாம்சமும் கேட்கலாம். இரண்டாம் பாகம் எழுதினால் அவளை அதையும் கேட்க வையுங்கள்.