உதவி: மீன் தொட்டி முருகை (பவளம்) எல்லாம் படத்தில் நீலமாகவே விழுகிறது

உப்புவெளித்_தொட்டி: அவசரம். உப்புத்தண்ணித் தொட்டியில் முருகையைப் படம் எடுத்தால் முழுக்க நீலம். கண்ணுக்குப் பச்சையும் சிவப்புமாக வடிவாகத் தெரிகிறது, படத்தில் ஒன்றும் இல்லை. குறுக்கே கறுப்புக் கோடும் விழுகிறது. மகளின் பள்ளிக்கூட ஒப்படைக்குத் திங்கட்கிழமை படம் வேண்டும். என்ன செய்யலாம்?

கமராக்காரன்: எதில் எடுக்கிறீர்கள், போனா கமராவா? லைட் என்ன?

கொட்டியாரம்: தண்ணி எங்கே எடுத்தது என்றும் சொல்லுங்கள்.

மூத்தமீன்: இதற்கு இங்கே பல தரம் பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. ஷட்டர் 1/50 செக்கன், வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) 10,000 கெல்வின். முடிந்தது. அடிப்படையைப் படித்துவிட்டுத் தொட்டி வைத்திருக்கலாம் தம்பி.

உப்புவெளித்_தொட்டி: போன்தான் அண்ணை. லைட் சாதாரண எல்ஈடி.

கமராக்காரன்: சாதாரணம் என்றால்? நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற வகையா?

உப்புவெளித்_தொட்டி: ஓம். நீலம் முழுக்க, வெள்ளை கொஞ்சம். அப்படி வைத்தால்தான் முருகை மின்னும்.

கொட்டியாரம்: என் கணக்கில் இது தண்ணி. திருகோணமலை உப்புவெளிக் கடல் தண்ணியை அப்படியே அள்ளி ஊற்றியிருப்பார். மாரியில் கலங்கல், படமும் மங்கல்தான். தொட்டிக்கென்று விற்கிற கடல் உப்புத்தூள் வாங்கிக் கலக்குங்கள்.

சாம்பல்தீவான்: கலங்கல் உங்கள் பக்கம் அண்ணை. மகாவலி வந்து விழுவது கொட்டியாரக் குடாவில்தானே. எங்கள் பக்கத்துத் தண்ணியை வடித்து, சில நாள் இருட்டில் வைத்து, உப்பு அளந்து ஊற்றினால் ஒரு குறையும் இல்லை.

கொட்டியாரம்: மழைக்குப் பிறகு உப்பு இறங்குவது எல்லாப் பக்கமும்தான். ஹோட்டல்காரர் கடலுக்குள் விடுகிறதையும் சேர்த்து ஊற்றுங்கள்.

சாம்பல்தீவான்: உப்புத்தூள் விலை தெரியுமா? சம்பளத்தைத் தொட்டிக்குள்தான் கொட்ட வேண்டும்.

கமராக்காரன்: தண்ணிச் சண்டையை வேறு இழையில் வையுங்கள். தண்ணி பழசாகி மஞ்சள் பட்டால் நீலம் குறையுமே தவிர, கூடாது. விஷயம் லைட்டில் இருக்கிறது. அந்த நீலம் 450 நானோமீற்றர் பக்கம். முருகையில் இருக்கும் புரதம் அதை விழுங்கிப் பச்சையாக, சிவப்பாகத் திருப்பி விடுகிறது. கண்ணுக்கு அதுதான் தெரிகிறது. போனின் சென்சருக்கோ நீலம் நிரம்பி வழிகிறது, மற்ற நிறத்துக்கு இடமே இல்லை. அதனால் மூத்தமீன் சொன்ன 10,000 கெல்வின் பாதித் தூரம்தான் போகும். நீலத்தை லென்ஸுக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும். செம்மஞ்சள் நிறத் தாள் ஒரு துண்டு போதும், கலியாண வீடியோக்காரர் லைட்டுக்குப் போடுவது. லென்ஸில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். தாள் கிடைக்காவிட்டால் படம் எடுக்கிற சில நிமிடத்துக்கு வெள்ளையைக் கூட்டி நீலத்தை இறக்குங்கள். மின்னல் குறையும், நிறம் வரும்.

மூத்தமீன்: கோட்டுக்கு 1/50 தான் சரி. இலங்கைக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ்.

கமராக்காரன்: வீட்டு பல்ப் என்றால் ஒத்துக்கொள்கிறேன். இந்த எல்ஈடியில் வெள்ளையைக் குறைத்தால் பெரும்பாலும் அதுவே படபடவென்று அணைந்து எரியும், கரண்டின் கணக்கில் அல்ல. வெள்ளையை முழுக்கப் போட்டுப் பாருங்கள், கோடு போனால் காரணம் அதுதான். இல்லையென்றால் ஷட்டரை இன்னும் மெதுவாக்குங்கள்.

மூத்தமீன்: மெதுவாக்கினால் எல்லாம் அசையும். இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

கமராக்காரன்: முருகைக்குப் பம்பை ஐந்து நிமிடம் நிறுத்தினால் அசையாது. திரும்பப் போட மறக்க வேண்டாம். போனை முக்காலியில் வைத்து, கண்ணாடிக்கு நேர் எதிரே பிடியுங்கள். சரித்தால் தடித்த கண்ணாடி உருவத்தைக் கலைக்கும். அறை லைட்டை அணையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சேர்ட்டும் படத்தில் வரும்.

சாம்பல்தீவான்: முருகை எங்கே வாங்கியது தம்பி? நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவுப் பக்கம் இல்லையே? அது 2003 முதல் தேசியப் பூங்கா. ஒப்படையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு முழிக்க வேண்டாம்.

உப்புவெளித்_தொட்டி: வெள்ளையை முழுக்க வைத்தேன், கோடு போய்விட்டது. பச்சை தெரிகிறது. தாள் இன்னும் கிடைக்கவில்லை. நிமோ மீன்தான் நிற்குதில்லை, எல்லாம் வால். நன்றி அண்ணை.

கமராக்காரன்: மீனுக்கு ஷட்டர் 1/125, அல்லது அதைவிட வேகமாக. வெள்ளை முழுக்க இருக்கும்போதே எடுங்கள். துரத்த வேண்டாம். ஒரே மூலையில் தீனி போட்டு, அங்கே முதலே போகஸ் பூட்டி வைத்துக் காத்திருங்கள்.

கொட்டியாரம்: சரி, தண்ணி எங்கே எடுத்தது?