மறு: நம்ம கட்டுரைல டெமாக்ரடிக் டெஃபிசிட்டுக்கு (ஐரோப்பிய ஒன்றிய முடிவுகள்ல ஜனங்களுக்குப் பிடி கம்மியா இருக்கிறது) என்ன தமிழ்ச் சொல்?

> ஜனநாயகப் பற்றாக்குறைன்னே வச்சிடலாம், நிதிப் பற்றாக்குறை மாதிரி பழகின சொல்.

ஐயா, எனக்கு இது ஒட்டலை. பற்றாக்குறைன்னா இன்னும் கொஞ்சம் போட்டா சரியாயிடும்னு தோணும், ரேஷன் சர்க்கரை மாதிரி. ஐரோப்பாவுல போட்டுத்தான் பார்த்தாங்க, 1979லேர்ந்து ஐரோப்பிய பார்லிமென்ட்டுக்கு நேரடித் தேர்தல், அதுக்கப்புறம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் அதுக்கு அதிகாரம் ஏறிக்கிட்டே போச்சு, ஆனா முதல் தடவை ஓட்டுப் போட்டது 62 சதவீதம், 2014ல 42 சொச்சம். (2019ல திரும்ப ஏறுச்சு, அது வேற கதை.)

நம்ம கட்டுரை பேசுறது வேற விஷயம், தலைவருங்க ஒரு பக்கம் ஜனங்க ஒரு பக்கம் பார்க்கிறது. ஐரோப்பிய அரசமைப்பு ஒப்பந்தத்துக்கு வழி பண்ண 2005 பிப்ரவரில பிரான்ஸ் எம்பிங்க வெர்சாய்ல கூடினப்ப 730 பேர் சரின்னாங்க, 66 பேர்தான் வேணாம்னாங்க. மூணே மாசம், மே 29 வாக்கெடுப்புல ஜனங்க கிட்டத்தட்ட 55 சதவீதம் வேணாம்னுட்டாங்க, மூணு நாள்ல நெதர்லாந்தும் 61க்கு மேல, அங்கயும் பெரிய கட்சிங்கள்லாம் சரி சொன்ன பக்கம்தான். இதுல எது பத்தலை? ஓட்டும் இருந்துச்சு பார்லிமென்ட்டும் இருந்துச்சு. அப்புறம் அந்தத் தோத்த ஒப்பந்தத்தோட சரக்குல முக்கால்வாசியை லிஸ்பன் ஒப்பந்தம்னு பொட்டலம் மாத்தி கொண்டுவந்தப்ப பிரான்ஸ்ல ஜனங்களைக் கேக்கவே இல்லை, அயர்லாந்துல 2008ல கேட்டு வேணாம்னதும் அடுத்த வருஷம் திரும்ப கேட்டு சரி வாங்கினாங்க.

அதனால ரெண்டு சொல் வேணும். தலைவருங்க என்னமோ பண்ணிக்கட்டும்னு ஜனங்க விட்டிருந்த காலத்தை 1970ல லிண்ட்பெர்க், ஷைன்கோல்ட்னு ரெண்டு அரசியல் ஆய்வாளருங்க பெர்மிசிவ் கன்சென்சஸ்னாங்க. மௌன சம்மதம்னு முதல்ல எழுதிட்டு அடிச்சேன், அது கேட்டுப் பேசாம இருந்தா சொல்றது, இங்க யாரும் கேக்கவே இல்லையே. வாளா இணக்கம்னு (வாளான்னா சும்மா) வைக்கலாமா? ஜனங்க ஒத்துக்காம தலைவருங்க கையைக் கட்டிப்போடுற காலத்துக்கு 2009ல ஹோகே, மார்க்ஸ்னு ரெண்டு ஆய்வாளருங்க எழுதின கன்ஸ்ட்ரெயினிங் டிஸ்சென்சஸுக்கு கடிவாளப் பிணக்கு.

---

தம்பி, பிணக்கு பிரமாதம், எடுத்துக்கலாம். வாளா மட்டும் வேணாம், பாதி பேர் வாளான்னு கத்தியைத் தேடுவாங்க. விட்டுவைத்த இணக்கம்னு போடுங்க, ஜனங்க விட்டுவச்சாங்க, எப்ப வேணா திரும்ப எடுத்துக்கலாம்ங்கிறதும் அதுல வந்துடுது. எடுத்துக்கிட்டதும் 2005ல இல்லை, 1992 ஜூன்ல ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கின மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டென்மார்க் ஜனங்க வாக்கெடுப்புல 50.7 சதவீதம் வேணாம்னு தள்ளினப்பவே கடிவாளம் இறுகிடுச்சு, கட்டுரைல அதையும் சேருங்க.

பற்றாக்குறையைத் தூக்கிப் போட மாட்டேன். சட்ட முன்வரைவு கொண்டுவர்ற ஐரோப்பிய ஆணையத்தை ஜனங்க நேரா தேர்ந்தெடுக்கிறதில்லை, அந்தக் குறைக்கு அது பொருந்தும். தலைவனும் ஜனமும் வேற வேற பக்கம் பார்க்கிறதுக்கு விலகல் போதும்.

---

விட்டுவைத்த இணக்கம் சரிங்க ஐயா. ஆனா விலகல்னா யாரு யாரை விட்டு விலகினாங்க? தலைமை விலகல்னு போட்டா ராஜினாமான்னு நினைப்பாங்களே.