புதுப்பிப்பு: மர லூரில் எபாக்சி பூச்சு வெளுத்துப் பிசுபிசுத்த சிக்கல் தீர்ந்தது

விரால் பிடிக்கச் செய்த மர லூர்களில் (மீன்போலச் செதுக்கிய தூண்டில் இரை) எபாக்சி (பிசினோடு ஹார்டனர் என்ற கெட்டியாக்கியைக் கலந்து பூசுவது) பால்போல வெளுத்துப் பிசுபிசுக்கிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கும்பகோணம் அண்ணன் சொன்னதுதான் காரணம். ஐப்பசி ஈரக்காற்றில் ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்து மேலே எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்திருக்கிறது. அடியில் நகம் பதியாமல் கெட்டியாக இருந்தால் இதுதான். நாள் கழிந்தும் நகம் பதிந்தால் கலவை விகிதம் தவறியிருக்கலாம் அல்லது சரியாகக் கலக்காமல் இருந்திருக்கலாம், பெரும்பாலும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு கீறலுக்குள் இறங்கி மறுபூச்சு ஒட்டாது. 60 வாட் குண்டு பல்பு எரியும் தகரப்பெட்டியில் தொங்கவிட்டு மறுபூச்சு மெல்லிசாகக் கொடுத்ததும் கண்ணாடிபோல வந்தது.

எதிர்பாராதது: மார்க்கரில் வரைந்த செதில் கோடுகள் எபாக்சியில் கரைந்து ஓடின. அடுத்த லூரில் எபாக்சிக்கு முன் அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே லேசாக அடித்தேன், கோடு அசையவில்லை.