ஃபிளாக்கோ வந்தார், வீடு இரண்டுபட்டது

அமெரிக்கக் கால்பந்தில் (NFL) எங்கள் வீடு சின்சினாட்டி பெங்கால்ஸ் பக்கம்; சித்தப்பா கிளீவ்லாந்து பிரவுன்ஸ், அத்தான் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஃபிளாக்கோவைப் பற்றிக் குடும்பக் குழுவில் பேசிக்கொண்டது இது.

2025 அக்டோபர் 7, செவ்வாய்

அண்ணன்: பெங்கால்ஸ் ஜோ ஃபிளாக்கோவை வாங்கிவிட்டார்கள். விளையாட்டில்லை, நிஜம். அதுவும் பிரவுன்ஸிடமிருந்து.

சித்தப்பா: பார்த்தேன். கிளீவ்லாந்தில் என் ஆபீஸில் இரண்டு பேர் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். வாழ்த்தா துக்கம் விசாரித்தார்களா என்று இன்னும் புரியவில்லை.

அப்பா: 40 வயது ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்களாம்? என்ன கொடுத்தார்கள்?

அண்ணன்: 2026 டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை டீம்கள் சுற்றுச் சுற்றாக எடுக்கிறபோது, நம் ஐந்தாம் சுற்று வாய்ப்பு (பிக்). பதிலுக்கு ஃபிளாக்கோவும் அவர்களுடைய ஆறாம் சுற்று பிக்கும் நமக்கு. அதாவது ஒரு சுற்று கீழே இறங்குகிறோம், அவ்வளவுதான்.

அத்தான்: மாமா, இது கிட்டத்தட்ட இலவசம். 2011-இல் இதே அக்டோபர் மாதம் ரெய்டர்ஸின் குவார்ட்டர்பேக்குக்குக் காறை எலும்பு உடைந்தபோது நீங்கள் உங்கள் குவார்ட்டர்பேக் கார்சன் பால்மரை அவர்களுக்கு என்ன விலைக்கு விற்றீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று. அவர் இனி ஆடமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர் வேறு.

அப்பா: அது வியாபாரம் மாப்பிள்ளை. ரெய்டர்ஸ் 8 வெற்றி 8 தோல்வி என்று முடித்து வெளியே போனார்கள், அந்த இரண்டாம் சுற்றில் நமக்கு ஜியோவானி பெர்னார்ட் கிடைத்தான். அவசரத்தில் குவார்ட்டர்பேக் வாங்குகிறவன் எப்போதும் ஏமாறுவான் என்றுதான் நானும் சொல்கிறேன். இப்போது வாங்குகிறவர்கள் நாம்.

நான்: அப்பா, ஞாயிற்றுக்கிழமை லயன்ஸ் மேட்ச் பார்த்தீர்கள் இல்லையா? நம் பேக்கப் குவார்ட்டர்பேக் பிரௌனிங் மூன்று இண்டர்செப்ஷன், மூன்று தடவை பந்தை எதிரணி கையில் எறிந்தார். நம் முதல் குவார்ட்டர்பேக் பரோ கால் விரலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதிலிருந்து வைக்கிங்ஸிடம் 48-10, பிராங்கோஸிடம் 28-3, லயன்ஸிடம் 37-24. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

அப்பா: 2023-இல் இதே பிரௌனிங் வந்து ஏழு மேட்சில் நாலு ஜெயித்துக் கொடுக்கவில்லையா?

அக்கா: அந்த நாலுதான் வினை. அதை நம்பி இரண்டு வருடம் வேறு ஆளே தேடவில்லை. பரோவுக்கு 2020-இல் முழங்கால், 2023-இல் மணிக்கட்டு, இப்போது இடது பெருவிரல். 275 மில்லியன் ஒப்பந்தம் போட்டிருக்கிற ஆளுக்கு அடிக்கடி அடிபடுகிறது என்றால், இரண்டாவது ஆளை மார்ச் மாதமே நல்ல ஆளாகப் பார்த்து எடுத்திருக்க வேண்டாமா? ஃபிளாக்கோ அப்போது சும்மாதான் இருந்தார். ஏப்ரலில் பிரவுன்ஸ் 4 மில்லியனுக்கு எடுத்தார்கள், பிக் எதுவும் கொடுக்காமல்.

சித்தப்பா: எடுத்து என்ன கண்டோம்? நாலு மேட்ச், எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்து எடுத்த டச் டவுன் 2, இண்டர்செப்ஷன் 6. முதல் வாரம் உங்களிடமே 17-16 தோற்றோம். அப்புறம் இன்னொரு குவார்ட்டர்பேக் கேப்ரியலை இறக்கி இவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆளை நீங்கள் பிக் கொடுத்து வாங்குகிறீர்கள், எனக்கு ஏன் வருத்தம்?

அண்ணன்: வருத்தம் இல்லாமலா காலையிலிருந்து ஒன்பது செய்தி அனுப்பினீர்கள் சித்தப்பா?

சித்தப்பா: இந்த இரண்டு டீமும் பேக்கப் வியாபாரம் பேசினாலே எனக்கு வயிறு எரியும். 2017 அக்டோபர் 31. உங்கள் பேக்கப் மெக்கேரனுக்கு இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் தருகிறோம் என்று எங்கள் ஆட்கள் ஒத்துக்கொண்டார்கள். கெடு நேரத்துக்குள் லீகுக்குக் காகிதம் முறையாகப் போய்ச் சேரவில்லை, டிரேட் செல்லாது என்றார்கள். அந்த வருடம் 16 மேட்சிலும் தோல்வி. பதினாறு ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி என்னிடம் பேசவே பயந்தாள்.

அக்கா: பிக்கும் போகவில்லை, மெக்கேரனும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தக் காகிதம் உங்களுக்கு நல்லதுதான் செய்தது.

அப்பா: வாங்குவதென்றால் கசின்ஸை வாங்கியிருக்கலாமே. அட்லாண்டாவில் பெஞ்சில்தானே இருக்கிறான்.

நான்: அவருக்கு இந்த வருடச் சம்பளம் மட்டும் 27.5 மில்லியன் அப்பா. நம் ஓனர் மைக் பிரௌன் கையெழுத்துப் போடுவாரா?

அப்பா: சரி விடு.

அக்கா: ஃபிளாக்கோவால் ஓட முடியாது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் குவார்ட்டர்பேக்கைக் காக்கிற நம் லைன் இருக்கிற இருப்பில் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசிக்கிற ஆள் ஆபத்து. இவர் பார்த்ததும் எறிந்துவிடுவார். தப்பாகப் போனாலும் பந்து பிடிக்கிற நம் ஆட்கள் சேஸும் ஹிக்கின்ஸும் எம்பி எடுக்கக்கூடிய இடத்தில்தான் போகும். கிளீவ்லாந்தில் அப்படி எம்பி எடுக்க யார் இருந்தார்கள்?

சித்தப்பா: அது உண்மை. ஒத்துக்கொள்கிறேன், வேறு யாரிடமும் சொல்லாதே.

அம்மா: அடுத்த வியாழக்கிழமை பிட்ஸ்பர்க் மேட்சுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மாவு அரைக்க வேண்டும்.

2025 அக்டோபர் 12, ஞாயிறு

அப்பா: 27-18. கிரீன் பே-யிடம் தோற்றாயிற்று. நான் அப்போதே சொன்னேன்.

அண்ணன்: ஐந்து நாளில் ஒரு டீமின் ஆட்டத் திட்டப் புத்தகத்தையே படித்துவிட்டு வந்து ஆடியிருக்கிறார் அப்பா. இரண்டாம் பாதியில் ஆட்டம் எப்படி மாறியது என்று பார்த்தீர்களா? களத்தில் அவரைச் சுற்றி நிற்கிற பாதிப் பேருக்கு அவரை ஒரு வாரமாகத்தான் தெரியும்.

சித்தப்பா: செப்டம்பரில் இதே ஃபிளாக்கோ எங்களுக்காக ஆடி கிரீன் பே-யை 13-10 ஜெயித்தார். சும்மா சொல்லிவைக்கிறேன்.

அத்தான்: எங்கள் கோச் டாம்லின் பிரஸ் மீட்டில் பேசுவார், கேளுங்கள். சும்மா விடமாட்டார்.

2025 அக்டோபர் 13, திங்கள்

அத்தான்: பேசிவிட்டார். சீசன் தொடங்கும்போது முதல் ஆளாக இறக்கிய குவார்ட்டர்பேக்கை, அதே டிவிஷனில் அதே இடத்தில் அடிபட்டுக் கிடக்கிற டீமுக்குக் கொடுப்பது தனக்குப் புரியவில்லையாம், ஆண்ட்ரூ பெர்ரி நம்மைவிடப் பெரிய புத்திசாலியாக இருக்க வேண்டும் என்கிறார்.

சித்தப்பா: மாப்பிள்ளை, உங்கள் கோச் எங்கள் ஜெனரல் மேனேஜரைப் பற்றிப் பேசலாம். நீங்கள் பேசக்கூடாது.

2025 அக்டோபர் 16, வியாழன்

அண்ணன்: அப்பா சோபாவில் ஏறி நிற்கிறார். அம்மா திட்டுகிறாள். யாராவது வீடியோ எடுங்கள்.

நான்: 33-31!!! 342 கெஜம், 3 டச் டவுன். சேஸ் மட்டும் 16 கேட்ச், பெங்கால்ஸ் வரலாற்றிலேயே ஒரே மேட்சில் அதிகம்.

அத்தான்: எங்கள் ஃப்ரையர்முத் 68 கெஜ டச் டவுன் பிடித்து எங்களை முன்னால் கொண்டுவந்தபோது இரண்டு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. முடிந்தது என்று நினைத்துச் சட்னிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். அந்த ஃபிளாக்கோ அவசரமே இல்லாமல் வந்து சேஸ், ஹிக்கின்ஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, கோல் உதைக்கிற மெக்ஃபர்சனை 36 கெஜத்தில் நிறுத்தி, கடிகாரத்தில் 7 நொடி மிச்சம் வைத்துவிட்டுப் போனார். எங்கள் 41 வயது குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸ் எறிந்த 4 டச் டவுனும் வீண்.

அக்கா: இவர் அந்தக் கிண்ணத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.

அப்பா: தம்பி, ஐந்தாம் சுற்று பிக்குக்கு ரொம்ப நன்றி. சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் (எம்விபி) விருது வாங்கிய ஆள் என்றால் சும்மாவா? அந்த 2012 சீசன் பிளேஆஃபில் 11 டச் டவுன், ஒரு இண்டர்செப்ஷன்கூடக் கிடையாது.

சித்தப்பா: அண்ணே, போன வாரம் அவர் 40 வயது ஆள்.

2025 அக்டோபர் 26, ஞாயிறு

சித்தப்பா: 39-38. ஜெட்ஸிடம். இந்த வருடம் ஏழு மேட்சில் ஒன்றுகூட ஜெயிக்காத ஜெட்ஸிடம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா: 38 பாயிண்ட் போட்டும் தோற்றால் குவார்ட்டர்பேக்கைக் குறை சொல்ல முடியுமா? நம் டிஃபென்ஸ் கடைசிக் கால் பகுதியில் யாரையும் தடுக்கவே இல்லை. அந்த ஐந்தாம் சுற்றை வைத்துத் தடுக்கிற ஆளாக ஒருவனை வாங்கியிருந்தால்கூட இதே கதைதான், ஓட்டை அவ்வளவு பெரியது.

அத்தான்: இதில் கொடுமை என்ன தெரியுமா? ஜெயித்துக் கொடுத்த அந்தக் கடைசி டச் டவுனை எறிந்தது அவர்களுடைய குவார்ட்டர்பேக்கே இல்லை. ரன்னிங் பேக் பிரீஸ் ஹால் எறிந்தார்.

அண்ணன்: அப்பா எங்கே, சத்தமே இல்லை?

அம்மா: போனை மேஜையில் வைத்துவிட்டு வெளியே இலை வாரிக்கொண்டிருக்கிறார். இன்று யாரும் கூப்பிட வேண்டாம்.

சித்தப்பா: ஒரே ஒரு செய்தி மட்டும் அனுப்பிக்கொள்ளட்டுமா அண்ணி?

அம்மா: வேண்டாம்.